கோபி குன்று

அண்ணாமலையார் மலைக்கு எத்தனை பெயர் என்று கேட்டால் ஊரே வரிசையில் நின்று சொல்லும். கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் காப்புக்காட்டில் கிடக்கும் ஒன்பது குன்றுகளை யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. பெயர் வைத்தவள் பொன்னி ஒருத்திதான்.

பொன்னி கோடையில் காட்டுத்தீக் காவலுக்குப் போகிறவள். புகைமூட்டத்தில் எதிரே இருப்பது எந்தக் குன்று என்று கண்ணுக்குத் தெரியாது. அப்போது காவல் பாறைமேல் நின்று, வீட்டில் புருஷனைக் கூப்பிடுவது போலவே "ஏங்க!" என்று கத்துவாள். திரும்பி வரும் குரலை வைத்து இன்ன குன்று என்று சொல்லிவிடுவாள். ஒரு தடவை கூப்பிட்டால் மூன்று தடவை பதில் சொல்லும் பாறைக்கு மாமியார் எல்லம்மாளின் பெயர். புதர் மண்டிய ஒரு குன்று மட்டும் எவ்வளவு கத்தினாலும் வாயே திறக்காது. அதற்குப் புருஷன் பெயர்.

கோபி வேன் ஓட்டுகிறார். நல்ல மனுஷன். கல்யாணமாகி இருபது வருஷத்தில் பொன்னி கேட்ட அத்தனைக்கும் அவர் சொன்ன பதில் "ம்".

வேங்கிக்காலில் வனத்துறைக்கு வரைபடம் போடும் நான், காட்டில் நடக்கிறவர்கள் சொல்லும் பெயரைத்தான் எழுத வேண்டும். எழுதினேன். படம் அச்சாகி வந்த வாரமே வேனில் ஒருவர், "இன்னா கோபி, உன் பேர்ல மலையே கீதாமே! கூப்ட்டா பதிலே சொல்லாதாம்!" என்று கேட்டுவிட்டார். வேன் முழுக்கச் சிரிப்பு.

மூன்று நாள் கோபி வீட்டில் பேசவில்லை. வேறு யாருக்கும் வித்தியாசமே தெரியவில்லை. பொன்னிக்குத் தெரிந்தது. அந்த "ம்" கூட நின்றுபோயிருந்தது.

நாலாம் நாள் காலையில் என் மேஜை முன்னால் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"சார், அந்தப் பேரை எடுத்துடுங்க. வெளையாட்டுக்கு வச்சேன். அவர் மனசு ரொம்ப நொந்துட்டாரு. இனிமே எங்கூட பேசவே மாட்டாரோன்னு பயமா கீது."

பெயரை மாற்றுவதென்றால் நேரில் போய்ப் பார்த்து வேறு பெயர் எழுத வேண்டும். இருவரும் போனோம். நான் மூச்சு வாங்கிக்கொண்டு காவல் பாறைக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. அவள் வழக்கம் போல ஒவ்வொரு பக்கமாகத் திரும்பிக் கூப்பிட்டாள். எல்லம்மாள் மூன்று தடவை பதில் சொன்னாள். கடைசியில், பழக்க தோஷத்தில், புதர்க் குன்றைப் பார்த்தும் "ஏங்க!" என்றாள்.

"இன்னாடீ?"

நான் பாறையிலிருந்து விழாத குறை. குன்றின் உச்சியில் புதரை விலக்கிக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து கோபி நின்றிருந்தார். தன் பெயரில் இருக்கும் மலை எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்க, வேனை நிறுத்திவிட்டு ஏறியிருக்கிறார். கையில் தூக்குவாளி.

"சோத்த வச்சிட்டு வந்துட்ட! எடுத்துனு வந்துகிறேன்! ஏறி வா! காத்து ஜாஸ்தியா கீது இங்க!"

இருபது வருஷத்தில் அவர் வாயிலிருந்து அவள் கேட்ட மிக நீளமான பேச்சு அது. பொன்னி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

"வேற பேரு இன்னாம்மா எழுதட்டும்?" என்று கேட்டேன்.

"அதே இருக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டு இறங்கி, அந்தக் குன்றைப் பார்த்து நடந்தாள்.

இப்போதும் கோபி வீட்டில் "ம்" தான். வேன் ஓடாத நாளில் மட்டும் சோறு எடுத்துக்கொண்டு தன் குன்றில் ஏறிவிடுகிறார். அங்கிருந்து "ம்" சொன்னால் காவல் பாறையில் நிற்கும் அவளுக்குக் கேட்காது.