மாடியில் அழுத வயலின்

அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் விளக்கு ஏற்றிவிட்டுத் திரும்பினால், மாடியில் கூட்டமாக வயலின்கள் அழுகின்றன. விளக்கு வைத்த வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஆஸ்பத்திரி வேலைக்கு மாற்றலாகி வந்து மாடியில் தனியாகக் குடியிருக்கும் பெண்ணின் கதவைப் படபடவென்று தட்டினேன்.

“யாரு செத்துட்டாங்கன்னு இந்த நேரத்துல ஒப்பாரி?”

“ஒப்பாரி இல்லீங்கம்மா. பெரிய ஊர்ல தனியா இருக்கறதப் பத்தின பாட்டு.”

“அதுக்கு இத்தன வயலினா? எங்க காரைக்கால்ல சாமி பொறப்பாட்டுக்கே ரெண்டு நாயனம்தான்.”

சிரித்தாள். பாட்டை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “மெட்ராஸ்ல ஆறு வருசம் இருந்தேங்க. ஒருத்தர்கூட என் கதவத் தட்டல.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அதெல்லாம் ஒரு ஊரா? மனுசங்கதான அவங்க?”

“இங்க வந்து நாலு மாசமாச்சு. நீங்களும் இன்னிக்கிதாங்க தட்டுறீங்க.”

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்றது. யாரிடமும் தலைகுனியாதவள் நான், அன்று தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு உள்ளே போய் உட்கார்ந்து, “போடு, கேக்குறேன்” என்றேன்.

பாட்டு பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை. பன்னிரண்டு படி ஏற நாலு மாதம் எடுத்துக்கொண்ட என் மேல் வந்த ஆத்திரம் மட்டும் இன்னும் தீரவில்லை.