தினார் ஏறிய நாட்கள்

கடுகு கருகும் வாசனை வந்தால் எங்கள் வீட்டில் செய்தி ஓடுகிறது என்று அர்த்தம். தாளிப்பை அடுப்பிலேயே விட்டுவிட்டு அம்மா டிவி முன்னால் போய் நின்றுவிடுவாள். டாலர் ஏறினால் தினாரும் ஏறும் என்பது அவள் கணக்கு. நைனா குவைத்தில் ஒரு வீட்டுக்கு டிரைவராக இருந்தார்; சம்பளம் தினாரில். திருத்தணியில் எங்கள் தெருவிலிருந்து இன்னும் நாலைந்து பேர் அங்கே போயிருந்ததால், குழாயடியில் பெண்கள் முதலில் கேட்டுக்கொள்வதே "இன்னா ரேட்டு?" என்பதுதான். ரூபாய் சரிந்துவிட்டதென்று நாடே தலையில் கைவைக்கும் நாளில் எங்கள் தெருவில் பாயசம் வைக்காத குறை.

எனக்கு மட்டும் அது பிடிக்காது. வீட்டுக்குத் தளம் போட்டதும் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் நைனா. தளம் போட்டாயிற்று. "ரேட்டு ஏறிகினே இருக்குது கண்ணு, இப்ப போய் வந்துட்டா எப்படி? மாடியும் எடுத்துட்டு வந்துடறேன்" என்றார் போனில். ஏறுகிற வரைக்கும் அவர் வரமாட்டார் என்று எனக்குப் புரிந்துபோனது.

ஆடிக் கிருத்திகைக்கு, தினார் ஏறவேண்டும் என்று அம்மா பூக்காவடி எடுத்தாள். அதே சன்னதியில் அவள் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு, ரூபாய் ஏறவேண்டும் முருகா என்று நான் வேண்டினேன். எங்கள் இருவரில் யார் சொன்னதைக் கேட்பானோ என்று படி இறங்கும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கேட்டது அம்மா சொன்னதைத்தான். ஆனால் ரூபாய் இறங்க இறங்கக் கம்பியும் சிமென்ட்டும் விலை ஏறின. மாடி வேலை பாதியில் நின்றது.

அவர்கள் காசு மட்டும் ஏன் அவ்வளவு பெரிசு என்று மாமாவை அரித்தெடுத்தேன். "அவன் மண்ணுல எண்ணெய் கீது, ஊரு ஒலகமே அதுக்கு வரிசையில நிக்குது. காசை எறங்க வுடாம அரசாங்கமே புடிச்சிகினு கீது. நாம விக்கறதைக் காட்டிலும் வாங்கறது ஜாஸ்தி, நம்ம காசு எறங்குது" என்றார்.

"ஜப்பான் காசு நம்ம ரூபாயை விடச் சின்னதாமே மாமா, அவங்க ஏழையா?"

"சேச்சே! காசு பெரிசா சின்னதான்னு பாக்காத. அந்த ஊர்ல அதுக்கு இன்னா வாங்கலாம்னு பாரு."

எப்படியோ மாடி முடிந்து நைனா வந்து இறங்கிய அன்றைக்குத்தான் மாமா சொன்னது எனக்கு விளங்கியது. என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒரு பக்கம் பல்லே இல்லை. "வைத்தியம் பண்ணா காப்பாத்தலாம்னாங்க. பீஸை ரூபாயில பெருக்கிப் பாத்தேன், மனசு வரல. புடுங்கிடுங்கன்னுட்டேன்." அந்த ஊரிலேயே சம்பாதித்து அங்கேயே செலவு செய்கிறவனுக்கு அது ஒரு சாதாரணச் செலவு. பெருக்கிப் பார்க்கிறவருக்கு டீ கூடத் தொண்டையில் இறங்காது. இத்தனை வருடமும் அவர் எதையெல்லாம் பெருக்கிப் பார்த்து வேண்டாமென்று விட்டாரோ என்று நினைத்து அழுதேன். அன்று செய்தி ஓடியபோது அம்மா எழுந்துபோய் டிவியை அணைத்தாள்.

இப்போது குழாயடியும் இல்லை, அந்தப் பேச்சும் இல்லை. ரேட் அவரவர் போனிலேயே வந்துவிடுகிறது. நைனா மலையடிவாரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ரூபாய் சரிந்தால் அம்மா சமையல் எண்ணெய் விலையைச் சொல்லித் திட்டுகிறாள். நேற்றும் செய்தியில் சொன்னார்கள், ரூபாய் சரிந்துவிட்டதாம். நான் எழுந்து போய், வாசலில் நைனாவின் செருப்பு கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.