ஊரிலிருந்து வந்த மணியார்டர்

கடல் கடந்து பிழைக்க வந்த இடத்தில், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் என் வீட்டுக்காரர் காசநோயில் படுத்து எட்டு மாதம். கிடைத்ததோ அரைச் சம்பளம். ஆனாலும் ஊரில் மாமியாருக்கு மாதாமாதம் அனுப்பும் பத்து வெள்ளிப் பணத்தை நான் குறைக்கவில்லை. குறைத்தால் நோய் விஷயம் தெரிந்துவிடுமே! அதற்காக நான் கைவைத்தது அவர் குடிக்கும் பாலில்.

"இன்னும் அஞ்சு வெள்ளி கூட்டி அனுப்புங்க" என்று மாமியாரிடமிருந்து கடிதம் வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. நோயையும் அரைச் சம்பளத்தையும் எழுதிப் போட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் பதிலே இல்லை. கோபம் என்றுதான் நினைத்தேன்.

பிறகு ஒருநாள் தபால்காரர் வந்தார். "இங்கேருந்துதான் ஊருக்குப் பணம் போகும், அக்கா. அங்கேருந்து வர்றதை இப்பத்தான் பார்க்கிறேன்."

இருபது ரூபாய். கூடவே மாமியார் எழுதச் சொன்ன ஒரு வரி: "என் பிள்ளைக்குப் பாலைக் குறைக்காதே."

பாலைப் பற்றி நான் எழுதவே இல்லை.