மலைக் கல்யாணம் இருந்த டிஸ்க்

திருத்தணி ஸ்டேஷன் ரோட்டில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் ஸ்டுடியோ. கேமராவோடு மலைக்கும் மண்டபத்துக்கும் போவது கணவர். அவர் எடுத்துவந்ததை வெட்டி, கோத்து, பாட்டு சேர்த்து வீடியோவாக்குவது நான். அம்மையார்குப்பத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு மவுஸ் பிடிக்கவே தெரியாது. இப்போது அந்தக் கம்ப்யூட்டரின் சத்தத்தை வைத்தே அது எந்த வேலையில் இருக்கிறதென்று சொல்லிவிடுவேன். ஆனாலும் படியேறி வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும், "சார் இல்லீங்களா?" என்றுதான் கேட்பார்கள். நானும் அவரைக் கூப்பிட்டுவிடுவேன்.

ஆர்.கே.பேட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு மலைக்கோயிலில் கல்யாணம், கீழே மண்டபத்தில் சாப்பாடு. எல்லாம் நாங்கள்தான் எடுத்தோம். சில வாரங்களிலேயே அவளுடைய அப்பா நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர், அப்படியே போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்தபிறகு அந்தப் பெண் போன் செய்தாள்.

"அக்கா, வீடியோவ அவசரப்படுத்தலக்கா. எங்க நைனா பேசனது எதனா அதுல இருக்குதான்னு மட்டும் சொல்றீங்களா?"

"இருக்குதும்மா. நானே பாத்தேன். ஞாயித்துக்கிழம வா, போட்டுக் காட்றன்."

சனிக்கிழமை காலையில் கணவர் ஒரு புது டிரைவ் வாங்கி வந்தார். பழைய ஹார்டு டிஸ்க் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. புதியது சூயிங்கம் பட்டை மாதிரி மெல்லிசாக இருந்தது. கேபினட்டைத் திறந்து, மதர்போர்டில் அதற்கென்று இருந்த இடத்தில் செருகி, திருகாணியை முடுக்கி, ஆன் செய்தார். விண்டோஸ் வேறொரு சின்ன டிரைவில் இருந்ததால் அது வழக்கம்போல வந்தது. ஆனால் புது டிரைவ் எங்கேயும் தெரியவில்லை. அதைவிட மோசம், பழைய ஹார்டு டிஸ்க்கும் காணவில்லை. அந்தக் கல்யாணம் முழுக்க அதில்தான் இருந்தது. மெமரி கார்டுகளை அழித்து அடுத்தடுத்த விசேஷங்களுக்கு எடுத்துப் போயாயிற்று.

கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. கேபிளைக் கழற்றி மாட்டினார், டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தார். வழக்கமாக ரிப்பேர் பார்க்கிறவருக்குப் போன் போட்டார். "டிஸ்க் போயிருக்கும் சார், மெட்ராஸ்ல ரெகவரி பண்ற எடத்துல குடுத்துப் பாருங்க" என்று பதில் வந்தது.

"அடுத்த ட்ரெயின்ல போயிட்டு வந்துடறன்" என்று அவர் பையை எடுத்தார்.

நான் கேபினட் மேல் கை வைத்தேன். உள்ளே டிஸ்க் சுற்றிக்கொண்டிருப்பது கையில் தெரிந்தது. கட்டை உரசுவதுபோலவோ, டக் டக் என்று அடிப்பதுபோலவோ ஒன்றும் இல்லை. வழக்கமான அதே சீரான அதிர்வு.

"இருங்க. நேத்து வரைக்கும் நல்லாதான ஓடினு இருந்துச்சி. இன்னிக்கு மாறனது இன்னா? புதுசு ஒண்ணு உள்ள போச்சி, அவ்ளோதான."

"அதுதான் தெரியவே இல்லியே! தெரியாதது எப்டி இத மறைக்கும்?"

"சாயங்காலம் வரைக்கும் எனக்கு டைம் குடுங்க" என்றேன். பையைக் கீழே வைத்தார்.

முதலில் கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே ஒரு விசையைத் தட்டி, போர்டின் சொந்தத் திரைக்குள் போனேன். அங்கேயும் டிஸ்க் இல்லை. அப்படியானால் குறை விண்டோஸில் இல்லை, அதற்கும் கீழே. போர்டின் மாடலை மொபைலில் அடித்து, கம்பெனி போட்டிருந்த விளக்கப் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன். ஒரு படத்தின் கீழே பொடி எழுத்தில் இருந்தது: இந்த இடத்தில் டிரைவ் செருகினால், கடைசி இரண்டு கேபிள் சாக்கெட்டுகள் வேலை செய்யாது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். எங்கள் ஹார்டு டிஸ்க்கின் கேபிள் கடைசி சாக்கெட்டில்தான் இருந்தது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அதைப் பிடுங்கி முன்னால் காலியாக இருந்ததில் மாட்டினேன். ஆன் செய்ததும் டிஸ்க் வந்து நின்றது. ஃபோல்டரைத் திறந்தேன். மலை, மாலை, மணப்பெண், எல்லோரும் இருந்தார்கள். கணவர் நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கடைத்தெருவுக்குப் போய் வெளி டிஸ்க் ஒன்று வாங்கி வந்தார். கல்யாணத்தை அதிலும் ஒரு பிரதி எடுத்துவிட்டுத்தான் சாப்பிடவே உட்கார்ந்தோம்.

"புதுசு அப்டியே கெடக்கட்டும், வுடு" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. கம்ப்யூட்டர் விழித்ததும் உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று முதலில் பார்ப்பது, போர்டிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர். எங்கள் போர்டு வந்த காலத்தில் அந்த இடத்தில் செருக வேறு வகை டிரைவ்கள்தான் இருந்தன; இந்தப் புது வகை கிடையாது. புது ஃபர்ம்வேர் ஏற்றினால் அடையாளம் தெரியும் என்று கம்பெனி பக்கத்திலேயே போட்டிருந்தது. ஆபத்து ஒன்றுதான். ஏற்றுகிற நேரத்தில் கரண்டு போனால் போர்டே செத்துவிடும். எங்கள் யுபிஎஸ் பேட்டரியை நம்ப முடியாது. தெருவுக்கு வருகிற லைன்மேனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, இன்னிக்கு நம்ம லைன்ல எதனா வேல இருக்குதா?"

"ஒண்ணுமில்லமா. ஏன், வூட்ல விசேஷமா?"

"ஆங், விசேஷந்தாண்ணா."

போர்டின் மூலையில் அச்சடித்திருந்த மாடலையும் ரிவிஷன் எண்ணையும் இரண்டு தடவை சரிபார்த்து, அதற்குரிய கோப்பை மட்டும் பென் டிரைவில் போட்டுச் செருகினேன். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் பட்டை திரையில் மெதுவாக நகர ஆரம்பித்தது. லோடு ஏறிவிடக் கூடாதென்று கணவர் ஃபேனைக்கூட நிறுத்திவிட்டார். வியர்த்துக்கொண்டே இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பட்டை முடிந்தது, திரை கறுத்தது. தானாக ஆன் ஆனது, அணைந்தது, மறுபடி ஆன் ஆனது. கடைசியில், விண்டோஸைத் தொடங்க எதுவும் கிடைக்கவில்லை என்று ஒரு வரி வந்தது.

"போச்சி" என்றார் அவர்.

"போவல. அப்டேட் பண்ணா செட்டிங் எல்லாம் பழையபடி ஆயிடும்னு போட்டிருந்தாங்க." என் குரல் எனக்கே நிதானமாகக் கேட்டது. போர்டின் திரைக்குள் போய், எந்த டிரைவிலிருந்து தொடங்க வேண்டும் என்ற வரிசையைச் சரிசெய்தேன். அந்த வரிசையிலேயே புது டிரைவின் பெயரும் இருந்தது. என்னையறியாமல் கை தட்டிவிட்டேன். கணவர் ஃபேனைப் போட்டுவிட்டு, "யம்மா, நீ பெரிய ஆளுதான்" என்றார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்தது அதுவே முதல் தடவை.

மறுநாள் அந்தப் பெண் தன் அம்மாவோடு வந்தாள். மண்டபத்துப் பந்திக்கு நடுவில் அவளுடைய அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று, சமையல்காரரை விரட்டிக்கொண்டிருந்த இடத்தைப் போட்டேன்.

"இன்னாபா, மாப்ள வீட்டாளுங்க ஒக்காந்துகினு இருக்காங்க, பாயசத்த காணோம்!"

அந்தப் பெண் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அவள் அம்மா திரையைத் தொடப் போய், கையை இழுத்துக்கொண்டார். நேற்று டிஸ்க் காணாமல் போன கதையைக் கணவர் சொன்னதும் அந்த அம்மா அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க நல்லா இருக்கணும் சார். உங்களாலதான் இவர திரும்பப் பாக்கறோம்."

வேறொரு நாளாக இருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். அன்றைக்கு இருக்க முடியவில்லை.

"நான்தாம்மா சரி பண்ணேன்" என்றேன்.

கணவர், "ஆங், அவங்கதான். எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று சிரித்தார்.

அந்த அம்மா எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விடவே இல்லை. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா, அந்தப் பாயசத்த இன்னொரு வாட்டி போடுங்கக்கா."

போட்டேன்.