உவர்த்துப்போன கிணறு

நெடுந்தீவில் என் பக்கத்துக் காணிக்காரன் சவிரிமுத்து. வேலியடைக்கக் கூப்பிட்டால் வரமாட்டான். ஆனால் கோடையில் காட்டுக் குதிரைகளுக்குத் தொட்டியில் தண்ணீர் வார்க்க ஒருநாளும் தவறமாட்டான்.

எண்பத்தேழு ஆவணி விடுமுறைக்கு, நாட்டுச் சண்டையால் நாலு வருடம் வராத அவன் தங்கை பிலோமினா யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பத்தோடு வந்தாள். ஒரு கிழமை கடற்குளிப்பும் நண்டுக்கறியும்தான். குளித்து வந்தவர்கள் எல்லோரும் நாங்கள் இருவரும் அள்ளும் கிணற்றடியில் உப்புக் கழுவினார்கள்.

"அண்ணை, இன்னும் ரெண்டு வாளி அள்ளட்டே?"

"அள்ளு பிள்ளை. கிணறென்ன, வள்ளமேறிப் போகப்போகுதே?"

கடற்கரைக் கிணற்றில் நல்ல தண்ணீருக்குக் கீழே உப்புத் தண்ணீர். மெல்ல மெல்லத்தான் அள்ளவேண்டும்; இல்லாவிட்டால் உப்பு மேலேறிவிடும். நான் நாலு வாளிக்கு மேல் அள்ளினால் ஏசுகிறவன் அவன்தான். தங்கையிடம் வாய் திறக்கவில்லை.

அவர்கள் போன மறுநாள் ஒரு குதிரை குட்டியோடு வந்து தொட்டியை முகர்ந்தது. குடிக்கவில்லை. சவிரிமுத்து ஒரு கை அள்ளி வாயில் வைத்துத் துப்பினான்.

"உவராப் போச்சுது. இனி என்ன செய்யிறது?"

"என்னைக் கேட்டால்? என்னை மட்டும் ஏசத் தெரிஞ்சுது உமக்கு."

மழைக்கு இன்னும் இரண்டு மாதம் கிடந்தது. குட்டி தொட்டி விளிம்பை நக்கிக்கொண்டே நின்றது.

"போ! இஞ்சை நில்லாதை, வேறை எங்கையும் போய்ப் பார்!" என்று கத்திக் கல்லெறிந்தான்.

தாய்க்குதிரை நாலடி விலகி, திரும்பவும் தொட்டியடிக்கே வந்தது.