ஒரு நிமிடம் முன்னால் அடித்த மணி

மூன்று வருடத்துக்கு முன் நடந்தது. அப்போது நான் திருப்பதியில் ஒரு கல்லூரியில் பி.காம். கடைசி வருடம். வீடு நகரி பக்கம்; வீட்டில் தமிழ்தான் பேசுவோம். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். பேச்சு மன்றத்துக்கு மாணவச் செயலாளர் வேறு. ஹாலுக்கு அனுமதி வாங்குவதிலிருந்து மைக் செட்காரரை விரட்டுவது வரை எல்லாமே நான்தான். "இவ இல்லேன்னா காலேஜே நட்க்காது" என்று தோழிகள் கிண்டல் செய்வார்கள். அது எனக்குப் பாராட்டாகத்தான் காதில் விழும்!

அந்த வருடம் பல கல்லூரிகளைக் கூப்பிட்டு விவாதப் போட்டி வைத்தோம். வேலைக்காகச் சொந்த ஊரை விட்டுப் போவது சரியா, தவறா என்பது தலைப்பு. தெலுங்கில் பேச வேண்டும். ஆளுக்கு ஐந்து நிமிடம். நான்காவது நிமிடம் ஒரு மணி அடித்தால் எச்சரிக்கை. ஐந்தாவது நிமிடம் இரண்டு மணி. அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். மீறினால் மார்க் குறையும். மணி அடிக்க ஜூனியர் பெண் ஒருத்தி தயாராக இருந்தாள். "உனக்குத் தெரியாது, நானே பாத்துக்கறேன்" என்று அவளை எழுப்பிவிட்டு உட்கார்ந்தேன்.

ஒன்பதாவதாக, சித்தூரிலிருந்து தனியாக வந்திருந்த ஒரு பெண் மேடையேறினாள். ஊரை விட்டுப் போவது தவறு என்ற கட்சி. அதுவரை பேசியவர்களில் அவள்தான் சிறப்பாகப் பேசினாள். அந்த நேரம் பார்த்து என் போன் அதிர்ந்தது. சாப்பாட்டு வண்டியை வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிட்டாராம். குனிந்து போனில் கிசுகிசுத்துக்கொண்டே, கை போன போக்கில் மணியைத் தட்டினேன். ஒன்றல்ல, இரண்டு.

அவள் பாதி வாக்கியத்தில் நின்றாள். ஒரு கணம் திகைத்துப் போய் என்னைப் பார்த்தாள். பிறகு சபையைக் கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டாள். கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம், மூன்று நொடி!

 முடிவுரைக்கென்று தனி மார்க் உண்டு. நடுவர்கள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். யாரும் கவனிக்கவில்லை. அப்போதே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடுத்தவர் பெயரை மைக்கில் கூப்பிட்டேன். அத்தனை பேர் முன்னால் என் பெயர் கெட்டுவிடுமே என்ற பயம்தான், வேறென்ன. ஒரு நிமிடம்தானே என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். காலையில் பத்து நொடி தாண்டிய ஒரு பையனுக்கு மார்க் குறைக்கச் சொன்னதே நான்தான்! சாப்பாட்டு நேரத்தில் யாராவது என்னைப் பார்த்தாலே, கண்டுபிடித்துவிட்டார்களோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

முடிவு அறிவிக்க அரை மணி நேரம் இருந்தது. தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் அந்தப் பெண் முதுகைக் காட்டி நின்று போனில் தன் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். மேடையில் அப்படித் தெலுங்கு பேசியவள், எங்கள் வீட்டுப் பேச்சு மாதிரியே தமிழ் பேசினாள்.

"இல்ல நைனா, பரிசெல்லாம் வராது. டைம் பாக்காம பேசிக்கினே இருந்துட்டேன், முடிக்கறதுக்குள்ள மணி அட்ச்சிட்டாங்க. தப்பு என்னுதுதான். இனிமே இதுக்கெல்லாம் நான் வரமாட்டேன் நைனா. நாலு மணி பஸ்ஸுக்கே வந்துட்றேன்."

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. நடுவர்கள் இருந்த அறைக்கு ஓடினேன்.  எங்கள் பொறுப்பாசிரியரும் அங்கே இருந்தார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். "இத்தனை நேரம் வாயில என்னம்மா வெச்சிருந்த?" என்று தெலுங்கில் அவர் கத்தினார்.  நடுவர்களில் ஒரு அம்மா மட்டும், "கூட்டிட்டு வா. மிச்ச நிமிடத்தைப் பேசட்டும்" என்றார்.

கேட்டைத் தாண்டப் போனவளைப் பிடித்து, நடந்ததைச் சொன்னேன். மறுபடி மேடையேறினாள். ஆனால் அறுந்துபோன பேச்சை எங்கே பிடிப்பது? தடுமாறினாள், ஒரே வரியை இரண்டு தடவை சொன்னாள். பரிசு வேறொருவருக்குப் போனது. நான் கீழே உட்கார்ந்து அழுதேன். அந்த அழுகைக்கு என்ன உபயோகம்?

பஸ் ஸ்டாப் வரை அவளோடு நடந்தேன். அவள் ஊர் சித்தூரை அடுத்த குடிபாலா பக்கமாம். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவளே பேசினாள்.

"பரிசு போனா போவுது அக்கா. நீங்க சொல்லாம இருந்திருந்தா, எனக்குப் பேசவே வராதுன்னு நெனச்சிக்கினு வீட்டுக்குப் போயிருப்பேன்."

பஸ் போன பிறகும் அங்கேயே நின்றிருந்தேன். என் தவறை மூடி மறைத்தால் என் பெயர் தப்பிக்கும் என்று மட்டும்தான் அன்று மதியம் வரை எனக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தவறை, ஒன்றும் அறியாத ஒருத்தி தன்னுடையதென்று எடுத்துக்கொண்டு காலமெல்லாம் வாயை மூடிக்கொள்ளக்கூடும் என்பதை நினைத்தால், இன்றைக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது.