கெங்கேஷின் போனுக்குப் போன உத்தரவு

புருல்சாவுக்கு ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் உட்கார வராது. பிஷ்கெக்கில் ஒரு பால் கம்பெனியில் பதினோரு வருடமாகக் கம்ப்யூட்டர் வேலை. விற்பனையாளர்கள் எழுபது பேரின் போன்களையும் கம்பெனிக் கட்டுப்பாட்டில் சேர்த்தவள் அவள்தான். வேலையில் சூரப்புலி, பொறுமை மட்டும் மருந்துக்கும் கிடையாது.

கம்பெனி கொடுத்த போனுக்கு ஒரு குறியீடு, சொந்தப் போனுக்கு வேறு. சொந்தப் போனில் ஆபீஸ் மெயிலை மட்டும்தான் கம்பெனி அழிக்க முடியும். கம்பெனிப் போனென்றால் மொத்தத்தையும் துடைக்கலாம். சொந்தப் போனைச் சேர்க்கும்போது உரியவன் பக்கத்தில் நிற்க வேண்டும். சேர்த்த அன்றோ டிரைவர் வீட்டுக் கல்யாணம். "பெஷ்பர்மாக் கறிவிருந்து ஆறிடும் எஜே" என்று அவளை அக்கா முறை சொல்லி, எல்லாரும் கம்பெனிப் போன், சொந்தப் போன் இரண்டையும் பால் கிரேட்டில் போட்டு, திறக்கும் பின் நம்பரைத் துண்டுச்சீட்டில் ஒட்டிவிட்டு ஓடிவிட்டார்கள். இவளும் எல்லாவற்றையும் கம்பெனிக் குறியீட்டிலேயே சேர்த்துத் தள்ளினாள். செய்யலாமா அதை?

விற்பனையாளர்களில் கெங்கேஷ் மட்டும் வாசலில் நின்று கேட்டான். "என் போட்டோவெல்லாம் டைரக்டர் பாப்பாரா எஜே?"

"உன் மூஞ்சியப் பாக்க அவருக்கு வேற வேலையில்லையா? உன் சொந்தப் போன்ல ஒண்ணையும் தொடமாட்டாங்க. நான் பொறுப்பு, போ."

இந்த ஜூலையில் அவன் வேலையை விட்டுவிட்டு, ஒரு வயது மகனோடு மலைமேய்ச்சலுக்குப் போய்விட்டான். அவன் பெயரிலுள்ளதை அழிக்கச் சொல்லி டைரக்டரிடமிருந்து காலையில் உத்தரவு. பட்டியலில் இரண்டு போன். இரண்டுக்கும் 'அழி' என்று அழுத்தினாள். அவன் திருப்பிக் கொடுத்த போன் மேசை டிராயரிலேயே அழிந்தது. இன்னொன்று 'காத்திருக்கிறது' என்றது. அது அவன் சொந்தப் போன் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உத்தரவை ரத்து செய்ய அந்த மென்பொருளில் வழியே இல்லை. நெட் கிடைத்ததும் போன் காலி.

அடிவாரத்திலிருந்த அவன் அத்தையைக் கூப்பிட்டாள்.

"இன்னிக்குத்தாம்மா பையனுக்குக் கால்ல கட்டின சடங்குக் கயிறை வெட்டி மொத நடை விடுறாங்க. அவன் பெண்டாட்டி நாசிரா மாஸ்கோவுல வேலையில மாட்டிக்கிட்டா, வரல. கெங்கேஷ் வீடியோ எடுத்து, சாயங்காலம் சிக்னல் கிடைக்கிற கணவாய்க்கு ஏறி அனுப்புறேன்னான்."

"வேற யாரும் எடுப்பாங்கல்ல அத்தை?"

"அங்க கரண்டு ஏது? மத்தவங்க போனெல்லாம் செத்துக் கெடக்கு."

"யாரையாவது குதிரையில அனுப்புங்க. போனைத் திறக்க வேணாம்னு சொல்லணும்."

"எல்லாரும் மேல விருந்துக்குப் போயாச்சு. முட்டிவலியோட நான் மட்டும் கெடக்கேன்."

டைரக்டரிடம் ஓடினாள். "அவன்தான் போயிட்டானே, விடு" என்றார். பாவி மனுஷன். மதியத்திலிருந்து கெங்கேஷின் நம்பரை அடித்துக்கொண்டே ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்தாள். ஆறு மணிக்கு அவன் போனில் மணி அடித்தது. அடித்ததுமே சிக்னல் வந்துவிட்டதென்று புரிந்தது.

"எஜேயா? பையன் நாலு அடி வச்சான். இருங்க, நாசிராவுக்கு அனுப்பிட்டு…"

"நெட்டை அணை இனிம், உடனே அணை தம்பி…"

இணைப்பு அறுந்தது. பத்து நிமிடத்தில் ஆபீஸ் போன் அடித்தது. அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அந்த ஒரு நம்பர்தான்.

"கணவாய்ல நிக்கற ஒரு லாரிக்காரர் போன்லேருந்து பேசறேன் எஜே. என் போன் புதுசு மாதிரி என்ன மொழின்னு கேக்குது. நாசிரா வேற அங்க காத்துக்கிட்டிருக்கா. வீடியோவ எப்படித் திருப்பி எடுக்கறது, சொல்லுங்க."

"எடுக்க முடியாது இனிம்" என்றாள் புருல்சா. "நான்தான் அழிச்சேன்."